பியூடெசோனைடு நிறுத்தியதும் அம்மாவுக்குப் பேதி திரும்பியது பற்றி

மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸுக்காக (நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் பெருங்குடல் அழற்சி) எட்டு வாரம் பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டு நிறுத்தியதும் ஒரே மாதத்தில் அம்மாவுக்குத் தண்ணீர்ப் பேதி திரும்பிவிட்டது, இது புற்றுநோயில் போய் முடியுமோ என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்தப் பயத்தை விடுங்கள், மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸ் பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவதில்லை. மருந்தை நிறுத்தினால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்பத்தான் செய்கிறது. வழக்கமாக மறுபடி 9 மி.கி. தொடங்கி, அடங்கியதும் 6, 3 என்று இறக்கி, எந்த அளவில் பேதி கட்டுப்படுகிறதோ அதிலேயே சில மாதங்கள் வைத்திருப்பார்கள். அப்புறம் அவருடைய மாத்திரை டப்பாவை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், வயிற்று அமிலத்துக்குக் காலையில் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல் என்று ஏதாவது இருந்தால் அதுவே தூண்டிவிடலாம், ஆனால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) ரத்தப் பரிசோதனை இதுவரை எடுக்கவில்லை என்றால் அதையும் கேட்டுவிடுங்கள்.