கோணமே குடுக்காத முக்கோணம், பாலக்கோடு தம்பிக்கு

தம்பி, ஏபிசி-ன்னு ஒரு முக்கோணம், அதுல ஏபி=ஏசி, ஏசி மேல டி-ன்னு ஒரு புள்ளி, ஏடி=பிடி=பிசி, ஏ கோணம் எவ்வளவுன்னு கணக்கு, ஒரு கோணம் கூட குடுக்கலையே எப்படிப் போடறதுன்னு கேட்டிருக்கீங்க. சம பக்கம் குடுத்தாலே சம கோணம் குடுத்த மாதிரிதான், அதை விட்டுட்டு டி-ல 90-ன்னு நீங்களா வெச்சுக்கிட்டதாலதான் நின்னுடுச்சு. படத்துல செங்குத்தா தெரிஞ்சாலும் கணக்குல சொல்லலைன்னா எடுக்கவே கூடாது, இங்க கிருஷ்ணகிரில என்கிட்ட டியூஷன் வர்ற பசங்களும் இதுலதான் மார்க்கை விடறாங்க, பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது.

ஏ-வை எக்ஸ்னு வெச்சுக்கோங்க. ஏடி=பிடி, அதனால ஏபிடி கோணமும் எக்ஸ். இப்ப பிடிசி கோணத்தைப் பாருங்க, அது ஏபிடி முக்கோணத்துக்கு வெளிக்கோணம், எதிர்ல உள்ள இருக்கிற ரெண்டு கோணத்தையும் கூட்டினா வர்றது, அப்போ 2எக்ஸ். இந்த இடம் புரிஞ்சுட்டா மிச்சம் தானா ஓடிடும். பிடி=பிசி, சி-யும் 2எக்ஸ். ஏபி=ஏசி, முழு பி-யும் 2எக்ஸ். மூணையும் கூட்டினா 5எக்ஸ்=180, எக்ஸ் 36 டிகிரி.

சரி பாக்கணும்னா பி-யோட 72ல 36 போக மிச்சம் 36, பிடிசி முக்கோணத்துல 36+72+72=180, வந்துடுச்சா. பிடி கோடு பி கோணத்தை சரிபாதியா வெட்டுது பாருங்க, அதை நிரூபின்னு தனியா கூட கேப்பாங்க, போட்டுப் பாத்து வெச்சுக்கோங்க.