நிகழ்கலைக் குழுவில் அனிமேஷன் பயிற்சிப் பணி: கேள்வி பதில்

கேள்வி: நடனக் குழு ஒன்றின் சமூக ஊடகத்திற்கு அனிமேஷன் செய்யும் பயிற்சிப் பணியில் சேரப்போகிறேன். எந்த மென்பொருளைக் கற்க வேண்டும், அம்மா?

பதில்: அந்தக் குழு ஏற்கெனவே பயன்படுத்துவதை. நீங்கள் விடைபெற்ற பிறகு கோப்பைத் திறந்து நிகழ்ச்சித் தேதியை மாற்றப்போகிறவர்கள் அவர்கள்தாம்.

கேள்வி: உருவத்தின் ஆட்டம் போகப்போக இசையை விட்டு விலகுகிறது.

பதில்: நொடிக்கு 24 பிரேம் (அதாவது 24 தனிப் படங்கள்) ஓடும்போது, நிமிடத்திற்கு 120 தாளத் தட்டுகள் உள்ள இசையில் 12 பிரேமுக்கு ஒரு தட்டு பிசகாமல் விழும். 100 தட்டுகள் என்றால் 14.4 பிரேம் வருகிறது. அதை 14 என வைத்து நகலெடுத்துக்கொண்டே போனால், பத்துத் தட்டுகளில் படம் 4 பிரேம் முந்திவிடும். ஆகவே ஒலி அலையைப் பார்த்து ஒவ்வொரு தட்டையும் தனியே குறியுங்கள். பாதம் தரையில் பதியும் பிரேம்தான் தட்டில் விழ வேண்டும், கால் உயரும் பிரேம் அல்ல. அப்போதும் மந்தமாகத் தெரிந்தால் படம் ஒலிக்கு ஒன்றிரண்டு பிரேம் முந்தி வரும்படி நகர்த்துங்கள்.

கேள்வி: ஒத்திகைக் காணொளியின் மேல் கோடு வரைவது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: மேக்ஸ் பிளெய்ஷர் 1917இல் காப்புரிமை பெற்ற முறை அது, எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் ஆடியவர், நடனம் அமைத்தவர் இருவரின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொருவர்: கோட்டுருவத்தில் முகமே தெரியாதே, ஒப்புதல் எதற்கு?

பதில்: முகம் மறைந்தாலும் நடன அமைப்பு அப்படியே இருக்கிறதே! அதை அமைத்தவருக்கு உரிமை உண்டு.

முதலாமவர்: அப்படியானால் வரைபவரின் கலை எங்கே?

பதில்: எதை விடுவது என்னும் தேர்வில். எல்லாப் பிரேமையும் ஒற்றி எடுத்தால் கோடு நடுங்கும், உடலின் கனமும் காணாமல் போகும். எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் நிலைகளை மட்டும் காணொளியிலிருந்து எடுத்துக்கொண்டு, இடைப்பட்டவற்றை நீங்களே வரைந்து பாருங்கள், பிறகு வாதாடலாம்.

கேள்வி: குழு மேடையில் பயன்படுத்தும் பாடலைச் சேர்க்கலாமா?

பதில்: இசையமைப்புக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை. மேடைக்கு வாங்கிய அனுமதி காணொளிக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள், மறுபடியும் சொல்கிறேன், எழுத்தில்.

கேள்வி: திரும்பத் திரும்ப ஓடும் காணொளி இணையும் இடத்தில் தடுக்குகிறது.

பதில்: முதல் பிரேமும் கடைசிப் பிரேமும் ஒரே படமாக இருக்கும். கடைசியை நீக்குங்கள்.

கேள்வி: தொடக்கநிலை மாணவருக்கு எந்த மென்பொருள் சிறந்தது?

பதில்: மேலே முதல் பதில்.

கேள்வி: உதவித்தொகை எவ்வளவு கேட்கலாம்?

பதில்: உங்கள் துறையின் பயிற்சிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: செய்த வேலையை என் படைப்புத் தொகுப்பில் வைக்கலாமா?

பதில்: சேரும் நாளிலேயே அதைக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அரங்கேறாத நிகழ்ச்சியின் காட்சிகளை மட்டும் அரங்கேற்றம் முடியும்வரை வெளியில் காட்டாதீர்கள்.