பதினோரு நாள் குழந்தையும் டோர்ட் மாநாடும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஊர் நாகர்கோவில். தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ. சபை. என் மகன் டெக்சாஸில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மூன்று வருஷமாக அங்கே ‘சீர்திருத்த பாப்டிஸ்ட்’ என்ற சபைக்குப் போகிறான். அதிலிருந்து ஆளே மாறிவிட்டான். நற்செய்திக் கூட்டத்தில் கையை உயர்த்தி இயேசுவை ஏற்றுக்கொண்டேன் என்று நான் சொன்னால் சிரிக்கிறான். “உலகம் உண்டாகும் முன்னாலேயே தீர்மானமான விஷயம், நீங்க கையை உயர்த்தினா என்ன, காலை உயர்த்தினா என்ன” என்கிறான். தினமும் காலையில் ‘எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும்’ என்ற 1 தீமோத்தேயு 2:4-ஐ வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்துவிட்டேன். பலன் இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு வந்தவனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அவனுக்கு முன் பிறந்து, ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் பதினோராம் நாளில் இறந்துபோன என் மூத்த மகள் அங்கே இருக்கிறாள். “அக்கா பரலோகத்துல இருக்கா இல்லியா?” என்று கேட்டேன். “அவ தெரிந்துகொள்ளப்பட்டவளா இருந்தா இருப்பா, அம்மா” என்றான். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. இது கள்ள உபதேசமா? எங்கள் போதகர் ஐயாவை அவனோடு வீடியோ காலில் பேசச் சொல்லட்டுமா?

பதில்: அன்புள்ள டீச்சர்,

உங்கள் மகளைப் பற்றி முதலில் பேசிவிடலாம். உங்கள் மகன் பேசும் இந்த உபதேசத்துக்குப் பெயர் கொடுத்த ஜான் கால்வின் அப்புறம் வரட்டும். இறந்து நானூற்று அறுபது வருஷம் ஆன மனிதர், அவருக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

உங்கள் மகன் சொன்ன அந்த ‘இருந்தா’ எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. அவன் போகிற மாதிரியான சபைகள் பெரும்பாலும் 1689-ஆம் ஆண்டின் லண்டன் பாப்டிஸ்ட் விசுவாச அறிக்கையைப் பின்பற்றுபவை. அதன் பத்தாம் அதிகாரத்தில், சிசுப் பருவத்தில் இறக்கும் ‘தெரிந்துகொள்ளப்பட்ட’ (அதாவது இரட்சிப்புக்கென்று தேவன் முன்பே தேர்ந்தெடுத்த) குழந்தைகள் கிறிஸ்துவால், ஆவியானவரைக் கொண்டு, மறுபடி பிறப்பிக்கப்பட்டு இரட்சிக்கப்படுகிறார்கள் என்று ஒரு வரி உண்டு. அதற்குச் சுமார் நாற்பது வருஷம் முன்னால் வந்த, பிரஸ்பிடேரியன் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையின் வரி அது. தெரிந்துகொள்ளப்படாத குழந்தைகள் என்று ஒரு கூட்டம் இருப்பதாக அதில் இல்லை. இல்லவே இல்லை என்றும் சொல்லவில்லை. எழுதியவர்கள் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். உங்கள் பையன் அந்த மௌனத்தை எடுத்து, கல்லறை ஓரத்தில் நின்ற தாயிடம் ஒரு ‘இருந்தா’வாக நீட்டிவிட்டான். படிக்கிற பையன்தான், ஆனால் அரைப் புத்தகத்தோடு எழுந்துவிட்டான் போலிருக்கிறது. மீதியைச் சொல்கிறேன்.

இன்று கால்வினிசத்தின் ஐந்து குறிப்புகள் என்று சொல்கிறார்களே, அவை கால்வின் உட்கார்ந்து எழுதிய பட்டியல் கிடையாது. ஹாலந்தில் ஆர்மீனியஸ் என்ற லெய்டன் பேராசிரியர் 1609-இல் இறந்தார். மறு வருஷம் அவருடைய சீடர்கள் ஐந்து ஆட்சேபணைகளை எழுதிக் கொடுத்தார்கள். முன்குறித்தல் (யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானிப்பது) என்பது ஒருவன் விசுவாசிப்பான் என்று தேவன் முன்னறிந்ததைப் பொறுத்தது, கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், கிருபையை மனுஷன் எதிர்த்து நிற்க முடியும் என்ற ரீதியில். அதை விசாரிக்க டோர்ட்ரெக்ட் நகரத்தில் 1618 நவம்பர் முதல் 1619 மே வரை மாநாடு நடந்தது. ஆர்மீனியஸ் தரப்பு தோற்றது. அந்த ஐந்துக்கும் மாநாடு கொடுத்த பதில்தான் இந்த ஐந்து குறிப்புகள். வெறும் வேதாந்தச் சண்டை என்று நினைக்காதீர்கள். அந்தத் தரப்புக்கு ஆதரவாக இருந்த முதிய அரசியல்வாதி ஓல்டன்பார்னவெல்ட்டின் தலையை அதே மே மாதத்தில் வெட்டினார்கள். சட்ட அறிஞர் குரோஷியஸுக்கு ஆயுள் சிறை. அவர் இரண்டு வருஷம் கழித்துப் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பித்தார். (பெட்டி யோசனை அவர் மனைவியுடையது.)

அந்த டோர்ட் மாநாட்டின் தீர்மானங்களில் முதல் தலைப்பு முன்குறித்தல். அதன் பதினேழாவது பிரிவு முழுக்க உங்களுக்காக எழுதியது போல இருக்கும். தேவனுடைய சித்தத்தை அவருடைய வார்த்தையைக் கொண்டே அறிய வேண்டும், விசுவாசிகளின் பிள்ளைகள் உடன்படிக்கையின் நிமித்தம் பரிசுத்தமானவர்கள் என்று அவ்வார்த்தை சொல்கிறது, ஆகவே சிசுப் பருவத்தில் தேவன் அழைத்துக்கொண்ட தங்கள் பிள்ளைகளின் தெரிந்துகொள்ளுதலையும் இரட்சிப்பையும் பற்றி பக்தியுள்ள பெற்றோர் சந்தேகப்படக் கூடாது. இதுதான் அதன் சாரம். ஞானஸ்நானம் ஆயிற்றா என்ற கேள்வியே அங்கே இல்லை. பால்குடிப் பிள்ளைகளைத் தாயின் மார்பிலிருந்து பிடுங்கி நரகத்தில் தள்ளுகிறவர்கள் என்று எங்களைப் பற்றிச் சொல்வது அவதூறு என்று முடிவுரையில் கோபத்தோடு வேறு எழுதியிருக்கிறார்கள்.

“நாங்க பாப்டிஸ்ட், உடன்படிக்கைப் பிள்ளைகள் என்பதை அப்படி எடுத்துக்கிறது இல்லை” என்று உங்கள் மகன் சொல்லக்கூடும். சொல்லட்டும். பாப்டிஸ்டுகளிலேயே ஒருவரைக் கூப்பிடுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் பிரசங்கியார் சார்லஸ் ஸ்பர்ஜன். அவன் அறையில் அந்தத் தாடிக்காரர் படம் போட்ட காபிக் கோப்பை இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். 1689 அறிக்கையைத் தன் சபைக்காக 1855-இல் மறுபடி அச்சிட்டவரே அவர்தான். கால்வினிசம் என்பது சுவிசேஷத்துக்கே இன்னொரு பெயர் என்று பேசியவர். அவர் 1861 செப்டம்பரில் குழந்தைகளின் இரட்சிப்பைப் பற்றி ஒரு முழுப் பிரசங்கம் செய்தார். சிசுவாக இறக்கும் எல்லாக் குழந்தைகளும் தெரிந்துகொள்ளப்பட்டவர்களே என்பதுதான் அவருடைய முடிவு. குழந்தைகள் நரகத்துக்குப் போகும் என்று கால்வினிஸ்டுகள் நம்புகிறார்கள் என்று சொல்வது பொய் என்றும் அதில் அடித்துச் சொன்னார். அமெரிக்க பிரஸ்பிடேரியன்களின் பெரிய சபையும் அதையே 1903-இல் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கைக்கு விளக்கமாகச் சேர்த்தது.

கால்வினுக்கும் இந்த வலி தெரியும். 1542-இல் அவருக்கும் மனைவி இடலெத்துக்கும் பிறந்த ஒரே மகன் குறைமாதக் குழந்தை. சில நாட்களிலேயே இறந்துவிட்டது. நண்பர் வீரேவுக்கு எழுதிய கடிதத்தில், கர்த்தர் எங்களுக்குக் கடுமையான, கசப்பான காயத்தை உண்டாக்கினார், ஆனாலும் அவர் தகப்பன், தம் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று அவருக்குத் தெரியும் என்கிறார். அந்த இடத்தில் கால்வின் ‘இருந்தால்’ போடவில்லை.

சரி, இது கள்ள உபதேசமா என்று கேட்டீர்கள். இல்லை டீச்சர். உங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரவைக்கும் விஷயம் ஒன்று சொல்கிறேன். நாகர்கோவில் சபை லண்டன் மிஷன் வழி வந்தது. 1795-இல் தொடங்கிய அந்த மிஷனில் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் சபையார். அவர்களுடைய முன்னோர் 1658-இல் லண்டன் சவாய் மாளிகையில் செய்த விசுவாச அறிக்கை வெஸ்ட்மின்ஸ்டரை ஒட்டியது. உங்கள் மகன் பிடித்துக்கொண்ட அதே குழந்தை வரி அதிலும் இருக்கிறது! ஆக, அவன் டெக்சாஸில் கண்டுபிடித்தது அவன் பிறந்து வளர்ந்த சபையின் பாட்டன் வீட்டுப் பரணில் கிடந்த சாமான். 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் சி.எஸ்.ஐ. உருவானபோது காங்கிரிகேஷனல், பிரஸ்பிடேரியன் சபைகளோடு ஆங்கிலிக்கன்களும் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். மெதடிஸ்ட் என்றால் அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. முன்குறித்தல் உபதேசம் கடவுளைப் பிசாசைவிட மோசமாகக் காட்டுகிறது என்று 1739-இல் பிரசங்கித்தவர். கால்வினும் வெஸ்லியும் உங்கள் சபையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

சண்டையும் நமக்கு அன்னியமானது இல்லை. ஒரு ஐயங்கார் நண்பரிடம் இதைச் சொன்னபோது, “எங்க வடகலை தென்கலை மாதிரின்னு சொல்லுங்கோ” என்றார். குரங்குக்குட்டி தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். உங்கள் மகன் பூனைக் கட்சி.

அமெரிக்காவில் இந்த அலை எப்படி எழுந்தது என்று தெரிந்தால் அவனைப் புரிந்துகொள்வது சுலபம். 1990களில் அங்கே பல சபைகள், வருகிறவர்கள் சலித்துப் போகாமல் இருக்க வேண்டும் என்று ஆராதனையைக் கச்சேரி மாதிரியும் பிரசங்கத்தைத் தன்னம்பிக்கைப் பேச்சு மாதிரியும் ஆக்கிவிட்டன. அதில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பசி. மினியாபொலிஸில் ஜான் பைப்பர், நியூயார்க்கில் டிம் கெல்லர், வானொலியில் ஆர்.சி. ஸ்ப்ரோல் என்று சிலர், கடவுள் பெரியவர், நீ சிறியவன் என்று ஒரு மணி நேரம் ஒரே வேதப் பகுதியை வைத்துப் பேசினார்கள். 1993-இல் ஆல்பர்ட் மோலர் முப்பத்துமூன்று வயதில் லூயிவில்லில் உள்ள சதர்ன் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரிக்குத் தலைவராகி, அதைப் பழைய கால்வினிச அறிக்கையின் பாதைக்குத் திருப்பினார். 2006-இல் கிறிஸ்டியானிட்டி டுடே பத்திரிகை இந்த இளைஞர் கூட்டத்தைப் பற்றிப் பெரிய கட்டுரை போட்டது. 2009-இல் டைம் பத்திரிகை, உலகத்தை மாற்றிக்கொண்டிருக்கும் பத்துக் கருத்துகளில் புதிய கால்வினிசத்தை மூன்றாவதாக வைத்தது. அந்தப் பசி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். கையை உயர்த்தும் பழக்கத்தைப் பார்த்து அவன் சிரிப்பதிலும் ஒரு சரக்கு இருக்கிறது. பாவிகளை முன்வரிசைப் பெஞ்சுக்கு அழைக்கும் முறையை சார்லஸ் ஃபின்னி அமெரிக்காவில் பிரபலமாக்கியது 1830களில்தான். அப்போஸ்தலர் காலத்துச் சடங்கு இல்லை. அதற்காக நீங்கள் அன்று அழுதது பொய்யாகிவிடாது. உங்கள் கையை உயர்த்தவைத்ததும் தேவனே என்றுதானே அவனுடைய உபதேசம் சொல்ல வேண்டும்? சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று அவனிடம் கேளுங்கள்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. ரோஜர் ஓல்சன் என்ற பாப்டிஸ்ட் இறையியலாளர் 2011-இல் கால்வினிசத்துக்கு எதிராக ஒரு முழுப் புத்தகமே எழுதினார். யார் நரகத்துக்குப் போவார்கள் என்பதையும் கடவுளே நிர்ணயித்தார் என்றால் ‘தேவன் நல்லவர்’ என்ற சொல்லுக்கே அர்த்தம் போய்விடுகிறது என்பது அவர் வாதம். 2012-இல் சதர்ன் பாப்டிஸ்ட் போதகர்கள் பலர் சேர்ந்து, கிருபை எல்லாருக்கும் உண்டு, எதிர்த்து நிற்கவும் முடியும் என்று ஓர் அறிக்கை விட்டார்கள். சபை இரண்டாகிவிடுமோ என்ற பயத்தில் ஒரு குழு போட்டார்கள். அது 2013-இல், கருத்து வேறுபாட்டோடு சேர்ந்தே ஊழியம் செய்வோம் என்றது. புதிய கால்வினிசத்தின் கூச்சல் மிகுந்த முகமாக இருந்த சியாட்டில் போதகர் மார்க் டிரிஸ்கால், அதட்டலான தலைமை என்ற புகார்களை அடுத்து 2014 அக்டோபரில் பதவி விலகினார். சில மாதங்களில் அவருடைய சபையே கலைந்துவிட்டது. இதைச் சொல்லி மகனைக் குத்தாதீர்கள், அதட்டுகிற போதகர் எல்லாக் கட்சியிலும் உண்டு.

நான் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். ‘எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும்’ என்ற உங்கள் வாட்ஸ்அப் வசனத்தை என்னால் தாண்டிப் போக முடிவதில்லை, அவ்வளவுதான். ஆனால் அதை அவனுக்கு இனி அனுப்பாதீர்கள். ‘எல்லா’ என்றால் எல்லா வகையான மனுஷரும், இரண்டாம் வசனத்தில் ராஜாக்கள் வருகிறார்களே என்று கால்வினே விளக்கம் எழுதியிருக்கிறார். அவன் அதைத் தயாராக வைத்திருப்பான். பதிலுக்கு, பிதா இழுக்காவிட்டால் ஒருவனும் வரமாட்டான் என்ற யோவான் 6:44-ஐ அனுப்புவான். வெஸ்லி அதற்கு, முந்திச் செல்லும் கிருபை எல்லாரையும் தொடுகிறது என்று பதில் வைத்திருக்கிறார். இப்படியே விடிந்துவிடும்.

கால்வினிஸ்டுகள் தங்களுக்குள் ‘கூண்டுப் பருவம்’ என்று ஒரு கேலி வைத்திருக்கிறார்கள். புதிதாக இந்த உபதேசத்தைப் பிடித்தவனைக் கொஞ்ச நாள் கூண்டில் பூட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் உள்ளவர்களைக் கடித்துவிடுவான். உங்கள் பையன் கூண்டுக்கு வெளியே இருக்கிறான். கால்வின் தன் பெரிய நூலின் 1559 பதிப்பில் முன்குறித்தலை விசுவாசம், ஜெபம் எல்லாம் பேசி முடித்த பிறகே எடுக்கிறார். வெறும் ஆர்வத்தில் உள்ளே நுழைகிறவன் வெளியே வர முடியாத சுற்றுவழியில் மாட்டுவான் என்று எச்சரித்துவிட்டுத்தான் தொடங்குகிறார். கொஞ்ச தூரம் தள்ளி, இந்தத் தீர்மானம் நடுங்க வைக்கிறது என்று தானே ஒப்புக்கொள்கிறார். கால்வின் நடுங்கிய இடத்தில் உங்கள் மகன் பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.

போதகர் ஐயாவை வீடியோ காலில் ஏற்ற வேண்டாம். அவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் ஐந்து நிமிடத்தில் அது பட்டிமன்றமாகிவிடும், அதில் யார் ஜெயித்தாலும் நீங்கள் இரவு தூங்கப்போவதில்லை. முன்குறித்தல் விஷயத்தில் வெஸ்லியோடு அச்சிலேயே மோதியவர் கால்வினிசப் பிரசங்கியார் ஜார்ஜ் விட்ஃபீல்டு. பேச்சு நின்றுபோன வருஷங்களும் உண்டு. அப்புறம் சமாதானமானார்கள், கருத்து மட்டும் கடைசி வரை மாறவில்லை. 1770-இல் விட்ஃபீல்டு இறந்தபோது, அவர் விரும்பியபடியே, லண்டனில் இரங்கல் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. அதில் அந்தப் பழைய சண்டையை அவர் கிளறவில்லை.

மகனுக்குக் கடிதம் எழுதுங்கள். டைப் அடிக்காமல், கையால். வாதம் எதுவும் வேண்டாம். அந்தப் பதினோரு நாளில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். குழந்தை யார் ஜாடை, எந்த ஆஸ்பத்திரி, என்ன பெயர் வைக்க நினைத்திருந்தீர்கள், அவன் அப்பா அந்தச் சின்னப் பெட்டியை எப்படித் தூக்கிக்கொண்டு போனார். இதெல்லாம் அவனுக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றுகிறது. அவனுக்கு அவள் ஒரு கல்லில் எழுதிய தேதி மட்டும்தான். கடைசியில் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: டோர்ட் தீர்மானத்தின் அந்தப் பதினேழாம் பிரிவையும் ஸ்பர்ஜனின் 1861 பிரசங்கத்தையும் தேடி எடுத்து, அடுத்த முறை ஊருக்கு வரும்போது உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கல்லறைத் தோட்டத்திலேயே வாசிக்கட்டும். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு போங்கள், பிரசங்கம் நீளமானது.