மண்ணைப் பிசைந்தவர்களைக் கேளுங்கள்

கேள்வி: பிரம்மா படைத்தார் என்கிறோம். ஆண்டவர் ஆறு நாளில் படைத்தார் என்கிறார்கள். மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்தார் என்று ஒரு கதை. பேரன் பள்ளிக்கூடத்தில் பெருவெடிப்பு படித்துவிட்டு வந்து, “அப்பத்தா, அப்ப இதெல்லாம் பொய்யா?” என்கிறான். நான் எதை உண்மை என்று சொல்வது?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, பேரனுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் சொன்னது சரி. பிரபஞ்சத்துக்கு வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு, அதில் நமக்கு ஒரு வழக்கும் வேண்டாம். அந்தக் கருத்துக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் லெமெத்ர், பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப்பாண்டவர் அதைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துப் பேசியபோது, இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம் என்ற பக்கம் நின்றவரும் அவர்தான். சாமி கும்பிடுகிறவருக்கே அந்தத் தெளிவு இருந்தது. பேரனுக்கு இது போதும்.

எனக்குக் கண் நின்ற இடம் வேறு. ‘மண்ணைப் பிசைந்து’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். ஏதோ சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி. அய்யனார் கோயிலுக்குப் புரவி, அதாவது மண்குதிரை, செய்கிற குயவரான வேளார் வீட்டு வாசலில் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். கண்மாய் மண்ணைக் கொட்டி, கல் பொறுக்கி, மணலும் உமியும் சேர்த்து, குதிகாலால் மிதித்து மிதித்துப் பதம் பார்ப்பார். முதலில் நான்கு கால், உள்ளே கூடாக. அது கொஞ்சம் இறுகின பிறகுதான் வயிறு ஏறும். அவசரப்பட்டால் கால் அமுங்கி எல்லாம் சரிந்துவிடும். அப்புறம் கழுத்து, தலை. சூளையில் வெடிக்காமல் வர வேண்டும், அதுவரை அவருக்கு நிம்மதி இல்லை. வெள்ளையடித்து வண்ணம் பூசி, கடைசியில்தான் கண் திறப்பு. ஆதியில் ஒருவர் மனிதனை மண்ணில் செய்தார் என்று கதை சொன்னவர்கள் இந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். எகிப்தில் க்னூம் என்ற தெய்வம் மனிதரைச் சக்கரத்தில் வைத்து வனைகிறது. சீனத்தில் நூவா மஞ்சள் மண்ணில் பிடிக்கிறாள். குர்ஆனில் களிமண், ஆதியாகமத்தில் பூமியின் மண். இத்தனை பேர் ஒன்றுபோலச் சொன்னது, ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்து அல்ல என்றே நினைக்கிறேன். குயவர் இல்லாத ஊர் எது?

இந்த வேலை எப்படித் தொடங்குகிறது என்பது எனக்கு இன்னும் முக்கியம். வேளார் தானாக ஆரம்பிக்க மாட்டார். ஊர்ப் பெரியவர்கள் கூடி, ஒரு கைப்பிடி மண்ணை அவர் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் பிடிமண். பிழைக்க வேறு ஊர் போனவர்கள் குலசாமிக்கு அங்கே கோயில் எழுப்ப நினைத்தாலும் பழைய கோயிலில் பிடிமண் எடுத்துத்தான் போவார்கள். செய்கிற கை வேளாருடையதுதான், ஆனால் மண் அவருடையது இல்லை, ஊர் கொடுத்தது. படைப்புக் கதைகளில் நான் நம்புவது இந்த ஒரு விஷயத்தைத்தான். எத்தனை நாளில் செய்தார், எந்தக் கையால் செய்தார் என்று சண்டை போடுகிறவர்களை விட்டுவிடுங்கள். நாம் எதனால் ஆனோமோ அது நமக்குக் கடனாக வந்தது. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசி, “நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்” என்ற வசனத்தைச் சொல்வதும் இதேதான். வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அதனால்தான் கோயிலில் மண்புரவிக்குப் பதிலாகச் சிமெண்டுக் குதிரை வைக்கிற விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதற்காக இந்தப் பக்கத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை. “வருஷா வருஷம் செலவு, மழையில் கரைகிறது, சிமெண்டில் நிரந்தரமாக வைத்தால் என்ன குறைச்சல்?” என்று கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். ஐயா, கரைவதற்குத்தானே அதை மண்ணில் செய்தார்கள்! பழைய புரவி காது உதிர்ந்து, கால் விரிந்து, மரத்தடியில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும்போது அடுத்த புரவி எடுப்புத் திருவிழாவுக்குப் புதுசு வரும். ஊர் மறுபடி கூட வேண்டியிருக்கும். பேசாத பங்காளிகள்கூட வரி கொடுக்க அன்றைக்கு ஒரே பந்தலுக்குள் வந்தாக வேண்டும். சிமெண்டில் ஒன்றை நட்டுவிட்டால் வேளாருக்கும் வேலை இல்லை, ஊருக்கும் கூட வேண்டிய அவசியம் இல்லை.

மண் என்றதும் இன்னொரு பழைய கணக்கும் ஞாபகம் வருகிறது. ‘கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே’ என்று ஃப்ளெக்ஸ் பேனரில் அடிக்கிறவர்களிடம் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. அது போரைப் பாடும் பாட்டுக்கு இலக்கணம் சொல்கிற பழைய நூலான புறப்பொருள் வெண்பாமாலையில், கரந்தைப் படலத்தில் வருகிற நான்கு வரி வெண்பா. வாலை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, உலகுக்கு முன்னாலேயே நாம் இருந்தோம் என்று மார் தட்டுகிறார்கள். முழுசாகப் படியுங்கள். வையத்தைப் போர்த்திருந்த நீர் விலகுகிறது, மலை தெரிகிறது, மண் இன்னும் உண்டாகவில்லை; அந்த வேளையில் கையில் வாளோடு முன்வந்து நின்ற குடி என்று ஒரு மறக்குடியின் வீரத்தைப் பாடுகிறார் அந்த நூலாசிரியர் ஐயனாரிதனார். எவ்வளவு அழகான படைப்புக் காட்சி! நீர், அப்புறம் கல், அப்புறம் மண். கல் உதிர்ந்துதான் மண் ஆகிறது என்பது நம் சீமையில் செம்புறாங்கல்லைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் தெரியும். முதல் வரிகளை விட்டுவிட்டு அதை வெறும் வயசுக் கணக்காக்கியது பெரிய அநியாயம்.

கடைசியாக உங்கள் வீட்டுக்கே வருகிறேன் ஆச்சி. பூம்புகாரைக் கடல் கொண்டது, அங்கிருந்து வந்தவர்கள் நாம், அந்தப் பயத்தில்தான் வீட்டை இவ்வளவு உயரத் தூக்கிக் கட்டினோம் என்று நகரத்தார் வீடுகளில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கடல் எங்கே, நம் ஊர் எங்கே! ஊருணியில் தண்ணீர் நின்றாலே சந்தோஷப்படுகிற மண் இது. ஆனாலும் அந்தக் கதை கல்லும் சுண்ணாம்புமாகத் தெருத்தெருவாக நிற்கிறது, தினமும் அதில்தான் ஏறி இறங்குகிறீர்கள். பேரனைத் தெருவில் நிறுத்தி, வாசலுக்கு எத்தனை படி என்று எண்ணச் சொல்லுங்கள். ஏன் இத்தனை என்று அவனே கேட்பான்.