புண்ணை ஆற்றுமா மரபணு மருந்து?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. பிறந்ததிலிருந்தே லேசாக உரசினாலும் தோல் உரிந்து கொப்புளம் வருகிறது. 'டிஸ்ட்ரோஃபிக் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா' என்று பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. அமெரிக்காவில் புண்ணின் மேல் சொட்டுவிடும் மரபணு ஜெல் வந்திருக்கிறதாம். உண்மையா டாக்டர்? அதை எப்படிப் போடுவார்கள்?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: உண்மைதான். 'வைஜுவெக்' என்ற அந்த ஜெல்லை 2023 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. மேல்தோலையும் அடித்தோலையும் சேர்த்துத் தைத்திருக்கும் நூல் மாதிரி ஒரு புரதம் உண்டு, ஏழாம் வகைக் கொலாஜன். அதை உருவாக்கும் மரபணு பழுதானதால்தான் உங்கள் மகனின் தோல் பிடிமானமின்றி உரிகிறது. பழுதில்லாத மரபணுவை நேராகப் புண்ணில் உள்ள செல்களுக்குள் சேர்ப்பதுதான் இந்த ஜெல்லின் வேலை.

சுமந்து செல்வது, உதட்டோரக் கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்பஸ் வைரஸ். பெருகத் தேவையான மரபணுக்களை எடுத்துவிட்டுப் பயன்படுத்துகிறார்கள். மற்ற மரபணு சிகிச்சைகளில் அதிகம் உதவும் ஏ.ஏ.வி. என்ற வைரஸில் 5,000 டி.என்.ஏ. எழுத்துகூட அடங்காது. இந்த மரபணுவின் செய்தியோ சுமார் 9,000 எழுத்து. ஹெர்பஸில் தாராளமாக இடம் இருப்பதால் இரண்டு பிரதிகளை வைத்திருக்கிறார்கள். வைரஸ் நம் குரோமோசோமுக்குள் நுழைந்து ஒட்டிக்கொள்வதில்லை. அது பாதுகாப்புதான், ஆனால் செல் உதிரும்போது மரபணுவும் கூடவே போய்விடும். எனவே வாரம் ஒரு முறை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

உறைநிலையில் இருக்கும் 1 மி.லி. மருந்தைக் கரையவிட்டு 1.5 மி.லி. ஜெல்லில் கலப்பார்கள். கலந்ததை அறை வெப்பநிலையில் 8 மணி நேரம், ஃபிரிட்ஜில் 48 மணி நேரம் வரைதான் வைக்கலாம். 20 சதுர செ.மீ.க்குக் குறைவான புண்ணுக்கு 0.2 மி.லி., 20 முதல் 40 வரை 0.4 மி.லி. ஏறக்குறைய ஒரு செ.மீ. இடைவெளியில் கட்டம் போட்டதுபோல் சொட்டுவிட்டு, ஈரம் உறிஞ்சாத டிரெஸ்ஸிங்கைப் புண்ணைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி மூடி, அதன்மேல் வழக்கமான கட்டு. 2023 அனுமதியின்போது மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்துக்கு அதிகபட்சம் 1.6 மி.லி. என்று வைத்தார்கள். முதுகு முழுக்கப் புண் இருந்தால் எதற்கு முதலில் என்று தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை: புண்ணில் கிருமிநாசினி மிச்சம் இருந்தால் அது மருந்து வைரஸையும் செயலிழக்கச் செய்துவிடும். போடுபவர் கையுறை அணிய வேண்டும்; கர்ப்பிணிகள் இந்த மருந்தைத் தொடக்கூடாது. மருந்து போட்ட இடத்தைக் குழந்தை சொறியாமல், வேறு யாரும் தொடாமல் 24 மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலன்? 31 பேரிடம் நடந்த ஆய்வில் ஒவ்வொருவரிடமும் ஒரேமாதிரியான இரண்டு புண்களை எடுத்து, ஒன்றுக்கு மருந்தும் மற்றொன்றுக்கு வெறும் ஜெல்லும் போட்டார்கள். ஆறு மாதத்தில் மருந்து போட்டவற்றில் 67 சதவீதமும் வெறும் ஜெல் போட்டவற்றில் 22 சதவீதமும் முழுதாக மூடின. அந்த 22-ஐ மறக்காதீர்கள்: இந்த நோயில் புண்கள் தானாகவும் மூடித் திறக்கும். 'எங்கள் களிம்பால் மூடியது' என்று விற்பவர்கள் பிழைப்பது இதை வைத்துத்தான்.

உணவுக்குழாய் சுருக்கத்தையும் விரல்கள் ஒட்டிக்கொள்வதையும் தோலில் போடும் ஜெல் சரிசெய்யாது. விலை, அறிமுகமானபோது ஒரு குப்பி 24,250 டாலர், அதாவது சுமார் 20 லட்சம் ரூபாய். ஆகவே அன்றாடப் பராமரிப்பைத் தளரவிடாதீர்கள். கொப்புளத்தைச் சுத்தமான ஊசியால் தாழ்வான ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள், மேல்தோலை உரிக்காதீர்கள். பிளாஸ்திரி வேண்டாம், சிலிக்கான் டிரெஸ்ஸிங் போதும். குளிக்கும் வெந்நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு போட்டால் எரிச்சல் குறையும். வளர்ந்த பிறகு மாதக்கணக்கில் ஆறாத, தடித்த புண் வந்தால் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி அவசியம். இந்நோயின் தீவிர வகையில் தோல் புற்றுநோய் இளவயதிலேயே வரும்.

கேள்வி: அதே நோயுள்ள குழந்தை எங்களுக்கும் இருக்கிறது. நாங்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள். அடுத்த குழந்தைக்கும் வருமா?
- வாசகர், மதுரை

பதில்: முதலில் இருக்கும் குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை செய்து, எந்த இடத்தில் பிழை என்று கண்டுபிடியுங்கள். பிறகு உங்கள் இருவரிடமும் அதே பிழையைத் தேடுவார்கள். இருவரும் பழுதான மரபணுவின் ஒவ்வொரு பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. கர்ப்பத்தின் 11 முதல் 13-ம் வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். முதல் குழந்தையின் முடிவு கையில் இல்லாமல் அந்த நேரத்தில் ஓடிப் பயனில்லை.

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் புண் ஒன்றரை மாதமாக ஆறவில்லை. 'புதிய ரத்தக்குழாய் வளரவைக்கும் மரபணு ஊசி' போட்டால் காலை எடுக்க வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறார். கடன் வாங்கியாவது போடலாமா?
- வாசகி, கோவை

பதில்: வேண்டாம். அந்த ஊசியின் கதை இதுதான். ரத்தக்குழாயை வளரத் தூண்டும் புரதம் ஒன்றின் (வளர்ச்சிக் காரணி) மரபணுவைக் கொண்ட 'கொலாடெஜீன்' என்ற ஊசியை ஜப்பான் 2019-ல் நிபந்தனையுடன் அனுமதித்தது. 4 மி.கி. மருந்தை எட்டு இடங்களில் பிரித்துக் கால் தசையில் போட்டு, நான்கு வாரம் கழித்து மீண்டும் போடுவார்கள். பெரிய அளவில் பயன்படுத்தியபோது முதல் ஆய்வின் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. 2024-ல் நிறுவனமே நிரந்தர அனுமதிக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. வேறொரு வளர்ச்சிக் காரணியின் மரபணுவை 525 பேரிடம் சோதித்த டமாரிஸ் ஆய்வில், கால் துண்டிப்போ மரணமோ குறையவே இல்லை. ரஷ்யாவில் 2011-ல் அனுமதி பெற்ற 'நியோவாஸ்குல்ஜென்' என்ற இதேபோன்ற ஊசியும் உண்டு. அதை நம்பி இங்கே கடன் வாங்க நான் சொல்ல மாட்டேன்.

இந்த ஊசி ஏன் தோற்றது? திண்டுக்கல் சிறுவனுக்குக் குறை ஒரே ஒரு புரதம்; அதைக் கொடுத்தால் புண் மூடுகிறது. உங்கள் கணவரின் புண்ணுக்கு மேலே பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம், நரம்பு மரத்திருக்கும், ஒவ்வொரு அடியிலும் அதே இடம் நசுங்கும், கிருமியும் இருக்கும். தசையில் போட்ட வெறும் டி.என்.ஏ.வில் சிறு பங்குதான் செல்லுக்குள் போகும், சில வாரங்களே வேலை செய்யும். கீழே நுண்குழாய்கள் முளைத்தாலும் மேலே அடைப்பு இருந்தால் ரத்தம் எங்கிருந்து வரும்?

பணத்தை இதற்குச் செலவழியுங்கள். கணுக்காலுக்கும் கைக்குமான ரத்த அழுத்த விகிதம் பாருங்கள், 0.9-க்குக் கீழே என்றால் அடைப்பு. சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய் சுண்ணாம்பு படிந்து இறுகி விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டும். அதனால் கால் விரல் அழுத்தமும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் கேளுங்கள். அடைப்பு இருந்தால் பலூன் வைத்துத் திறப்பதா, பைபாஸா என்று ரத்தக்குழாய் அறுவை நிபுணர் சொல்வார். பாரம் படாமல் இருக்க முழங்கால் வரை மாவுக்கட்டு போடுவதுண்டு. கிருமித்தொற்றோ கடும் அடைப்போ இருந்தால் மட்டும் அது முதலில் கூடாது. செத்த திசுவை அகற்றச் சொல்லுங்கள். நான்கு வாரச் சரியான சிகிச்சையில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால் சிகிச்சையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். நீங்கள் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டீர்கள். எலும்பில் தொற்று இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

கேள்வி: முழங்கால் தேய்மானத்துக்கு கொரியாவில் மரபணு ஊசி இருக்கிறதாமே?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: இருந்தது. 'இன்வோசா' என்ற பெயரில் 2017-ல் அனுமதி பெற்றது. குருத்தெலும்பு செல்லில் வளர்ச்சி மரபணுவைச் சேர்த்தது என்று சொல்லப்பட்டது. பிறகு சோதித்ததில் மரபணு சேர்த்த செல்கள் சிறுநீரகத்திலிருந்து வந்த செல்வகை என்று தெரிந்து, 2019-ல் கொரிய அரசு அனுமதியை ரத்து செய்தது. அந்த வகைச் செல்லுக்குக் கட்டியாக வளரும் தன்மை உண்டு. கதிர்வீச்சால் பெருக்கத்தை நிறுத்தியிருந்தார்கள் என்றாலும் ஊசி போட்டவர்களை நீண்டகாலம் கண்காணிக்க வேண்டியதாயிற்று. இப்போதைக்கு எடையைக் குறைத்து, தொடைத் தசைக்கு உடற்பயிற்சி செய்யுங்கள்.