கிரோ ப்ருண்ட்லாண்ட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'நீடித்த வளர்ச்சி – ப்ருண்ட்லாண்ட் ஆணையம் – 1987' என்று எல்லா நோட்ஸிலும் இருக்கிறது. யார் இவர் என்று தேடினேன். நார்வேயின் முன்னாள் பிரதமர் என்று தெரிந்ததும் ஏமாற்றமாகிவிட்டது. கடலைத் துளைத்து எண்ணெய் விற்கும் நாடு. அவர் ஆட்சியிலேயே திமிங்கில வேட்டையும் மறுபடி தொடங்கியிருக்கிறது. ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்பதுதானே இது?

ம., மதுரை

அன்புள்ள ம.,

பெயரோடு நிறுத்தாமல் ஆளைத் தேடிப் படித்தீர்களே, சந்தோஷம். ஆனால் உங்கள் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அவர்மேல் எனக்கும் ஒரு பெரிய குறை உண்டு. அது நீங்கள் சொன்ன இரண்டிலும் இல்லை.

கிரோ ஹார்லெம் ப்ருண்ட்லாண்ட் 1939இல் பிறந்தவர். அப்பா மருத்துவர், தொழிற்கட்சி ஆட்சியில் சமூகநல அமைச்சராகவும் பிறகு பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார். மகளும் மருத்துவரானார். ஹார்வர்டில் பொதுச் சுகாதாரம் படித்துத் திரும்பி ஓஸ்லோவில் வேலை பார்த்தார். 1974இல், 35 வயதில், சுற்றுச்சூழல் அமைச்சரானார். அந்த அமைச்சகமே 1972இல்தான் உருவானது.

1977 ஏப்ரல் 22 இரவு, வடகடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலின் பிராவோ மேடையில் ஒரு கிணறு பீறிட்டது. அதை அடைக்க எட்டு நாள் ஆனது. உயிர்ச்சேதம் இல்லை. அந்த எட்டு நாளும் நாட்டுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவருடையது. 62 பாகை அட்சரேகைக்கு வடக்கே துளையிடும் திட்டம் இந்த விபத்தால் தள்ளிப்போனது. 1980இல் அங்கேயும் துளையிட்டார்கள். எண்ணெயே வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எடுப்பதென்றால் எந்த விதியில், யார் கண்காணிப்பில் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

1983இல் ஐ.நா. பொதுச்செயலாளர், சுற்றுச்சூழலையும் வளர்ச்சியையும் சேர்த்து ஆராயும் ஆணையத்துக்கு அவரைத் தலைமை தாங்கக் கேட்டபோது சொன்ன காரணமும் இதுதான்: சுற்றுச்சூழல் அமைச்சராகப் பல ஆண்டுகள் போராடி, பிறகு பிரதமரான தலைவர் வேறு யாரும் அப்போது இல்லை. ஆணையம் ஜகார்த்தா, சாவ் பாவ்லோ, ஹராரே, நைரோபி, மாஸ்கோ என்று போய்ப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. உறுப்பினர்களில் பாதிக்குமேல் வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியாவிலிருந்து நீதிபதி நாகேந்திர சிங் இருந்தார். வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்று நீங்கள் மனப்பாடம் செய்த வரி, ஆணையம் 1987இல் வெளியிட்ட அறிக்கையின் 2ஆம் அத்தியாயத்தில் வருகிறது. அடுத்த வரியைத்தான் நோட்ஸ்களில் விட்டுவிடுகிறார்கள். தேவை என்றால் முதலில் உலகின் ஏழைகளுடைய அடிப்படைத் தேவை, அதற்கே மற்ற எல்லாவற்றையும்விட முன்னுரிமை என்று அது சொல்கிறது. வளர்ச்சியையே நிறுத்து என்று அந்த அறிக்கை எங்கும் கேட்கவில்லை. எண்ணெய் நாட்டின் பிரதமர் அதில் கையெழுத்திட்டதில் முரண் இல்லை.

சொந்த நாட்டில் அவர் எதுவும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. அவர் பிரதமராக இருந்த 1991இல் நார்வேயில் கார்பன் வரி நடைமுறைக்கு வந்தது. கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனங்களும் அதைக் கட்ட வேண்டும். வரி உறுத்தியதால்தான் 1996இல் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் கரியமில வாயுவைக் கடலடிப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள்.

திமிங்கிலம்: 1993இல் வேட்டை மறுபடி தொடங்கியது உண்மை. பிடித்தது மிங்க்கி இனத்தை. அழிவின் விளிம்பில் இருந்த நீலத் திமிங்கிலத்தை அல்ல. அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்பதே என் எண்ணம். ஆனால் உங்கள் கோபம் விழ வேண்டிய இடம் வேறு.

ஆல்டா ஆறு. நார்வேயின் வடகோடி, கலைமான் மேய்க்கும் 'சாமி' என்ற பழங்குடி மக்களின் நிலம். அங்கே நீர்மின் அணை கட்ட அரசு முடிவு செய்தது. 1979இல் சாமி இளைஞர்கள் ஓஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரியில், தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு வழிமறித்தவர்களை நூற்றுக்கணக்கான போலீசார் அகற்றினார்கள். பிப்ரவரி 4 அன்று ப்ருண்ட்லாண்ட் நாட்டின் முதல் பெண் பிரதமரானார். இரண்டு நாள் கழித்து சாமி பெண்கள் அவருடைய அலுவலகத்துக்கே வந்து, வெளியேற மறுத்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களோடு பேசினார். ஆனால் முடிவை மாற்றவில்லை. மறுநாள் போலீஸ் அவர்களை வெளியேற்றியது. அணை எழும்பியது. மின்நிலையம் ஓடத் தொடங்கிய ஆண்டு 1987, அதாவது அறிக்கை வெளியான அதே ஆண்டு. பழங்குடிகளின் நிலத்தை ஒட்டிய முடிவுகளில் அவர்கள் குரலுக்கே எடை வேண்டும் என்று அந்த அறிக்கையிலும் எழுதியிருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. அதே 1987இல் அவர் ஆட்சியில் சாமி சட்டம் நிறைவேறியது, 1989இல் சாமி நாடாளுமன்றம் கூடியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அது போராடியவர்கள் வாங்கிய வெற்றி. ஆல்டாவுக்கு அதனால் கணக்கு நேராகிவிடவில்லை.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. 1986 மே மாதம் அவர் அமைத்த அமைச்சரவையில் 18 பேரில் 8 பேர் பெண்கள். உலகமே வியந்து பார்த்தது. அவருடைய தொழிற்கட்சி 1983இலேயே ஆண், பெண் இரு தரப்புக்கும் குறைந்தது 40 சதவீத இடம் என்ற விதியைக் கொண்டுவந்து ஆட்களைத் தயார்செய்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. அவருக்குப் பின் வந்த நார்வே பிரதமர்கள் அந்த அளவிலிருந்து பெரிதாகக் கீழே இறங்கத் துணியவில்லை.

1998இல் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார். 2003 மே மாதம், அவர் பதவி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை நிறைவேறியது. பாக்கெட்டில் பெரிய எச்சரிக்கை, விளம்பரத்துக்குத் தடை, வரி உயர்வு எல்லாம் அதில் உண்டு. பெரும் சிகரெட் நிறுவனங்களின் எதிர்ப்பைத் தாண்டி அது நிறைவேற வேண்டியிருந்தது. இந்தியா 2004இல் அதை ஏற்றது. அவருடைய வேலைகளில் அதிக உயிர்களைக் காப்பாற்றியது இதுதான் என்று நினைக்கிறேன். தேர்வுக்கு இதையும் படித்து வையுங்கள்.