பிரிண்டரைக் குறை சொல்லும் முன்: செங்கோட்டை ஸ்டூடியோக்காரர் பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, வீட்டில் இங்க் டேங்க் பிரிண்டர் வைத்திருக்கிறோம். கொஞ்ச நாளாக முகமெல்லாம் சிவப்படித்து வருகிறது. கிளீனிங் பலமுறை ஓட்டியாச்சு. மை குறைந்ததுதான் மிச்சம். (வாசகி, புளியரை)

பதில்: முதலில் கிளீனிங்கை நிறுத்துங்க, தங்கச்சி. ஓட்டும் ஒவ்வொரு தடவையும் நல்ல மை உறிஞ்சப்பட்டு, பிரிண்டரின் அடியில் இருக்கும் பஞ்சுக்குப் போகிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டால் பிரிண்டர் மொத்தமாக நின்றுவிடும், அது தனிச் செலவு.

சாதாரணத் தாளில் ‘நாசில் செக்’, அதாவது மை வரும் துளைகளைச் சோதிக்கும் அச்சு ஒன்று எடுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் சின்னச் சின்னக் கோடுகள் வரும். எந்த நிறத்தில் கோடு விட்டுப் போயிருக்கிறதோ, அங்கேதான் அடைப்பு. மஞ்சள் கோடு கண்ணுக்குத் தப்பிவிடும், வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். படம் சிவக்கிறதென்றால் பெரும்பாலும் சயான், அதாவது நீல மை வரவில்லை. மெஜந்தா, அதாவது இளஞ்சிவப்பு மை நின்றால் பச்சை தட்டும். மஞ்சள் நின்றால் படம் நீலமோ ஊதாவோ ஆகும். இரண்டு கிளீனிங்கில் சரியாகவில்லையா, பிரிண்டரை அணைத்து ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காய்ந்த மை ஊறி இளகட்டும். காலையில் மறுபடி நாசில் செக்.

இன்னொன்று. வேலை முடிந்ததும் எப்படி அணைக்கிறீர்கள்? சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகிற பழக்கம் நம் பக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. பிரிண்டரில் உள்ள பட்டனை அழுத்தினால்தான் மை தெளிக்கும் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியில் உட்காரும். பாதியில் கரண்டை நிறுத்தினால் ஹெட் திறந்தபடியே நிற்கும், சித்திரை வெயிலில் மை காய்ந்துவிடும். பட்டனை அழுத்தி, விளக்கு அணைந்த பிறகு சுவிட்சுக்குப் போங்கள். வாரத்துக்கு ஒரு கலர் படமாவது எடுங்கள்.

கேள்வி: சாரல் தொடங்கியதிலிருந்து போட்டோ பேப்பர் சுருள்கிறது, இரண்டு தாள் ஒன்றாக இழுக்கிறது, மை ஈசிக்கொள்கிறது. பாட்டி படத்தைப் பிரேம் போட வேண்டும். (வாசகர், ஆரியங்காவு)

பதில்: இது பிரிண்டர் கோளாறே இல்லை, தம்பி. கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று ஆனி, ஆடியில் பேப்பரைப் பதம் பார்த்துவிடும். பாக்கெட்டைப் பிரித்து டிரேயில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். தேவையான தாளை மட்டும் எடுத்து, மீதியை அதே கவரில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் சேர்த்து, ஜிப் கவரில் மூடி வையுங்கள். சுருண்ட தாளை எதிர்ப்பக்கமாக மெல்ல வளைத்தால் நேராகும், பூச்சு வெடிக்கும் அளவுக்கு மட்டும் வளைக்க வேண்டாம்.

மை ஈசுவதற்கு இரண்டு காரணம் பாருங்கள். ஒன்று, தாளைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள். ஈரவிரலால் ஓரத்தைத் தொட்டால் பூச்சுள்ள பக்கம் லேசாக ஒட்டும். அந்தப் பக்கத்தில்தான் படம் வர வேண்டும். இரண்டு, செட்டிங்கில் ‘பிளெயின் பேப்பர்’ என்றே இருக்கும். பளபளப்புத் தாளுக்கு ‘குளாஸி’ என்று மாற்றினால்தான் மை அளவாக விழும்.

பாட்டி படத்துக்கு அவசரப்படாதீர்கள். மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும், சாரல் காலத்தில் இன்னும் ஒரு நாள் சேர்த்து. பிரேம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் அட்டை கட்டாயம் வேண்டும். ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்கள் என் கடைக்கு வருகின்றன. பிரித்தால் கன்னமும் நெற்றியும் கண்ணாடியோடு வந்துவிடும், பார்க்கவே மனசு கேட்காது. அப்படி ஒட்டியிருந்தால் பிரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அச்சன்கோவில் தேரோட்டத்தில் போனில் எடுத்த படம். பிரிண்டில் தேரின் உச்சி வெட்டுப்படுகிறது. (வாசகர், புனலூர்)

பதில்: போன் படத்தின் அகலமும் உயரமும் பெரும்பாலும் 4:3 என்ற கணக்கில் இருக்கும். நீங்கள் வாங்கும் தாள் 4 அங்குலத்துக்கு 6. அகலம் 6 என்றால் அந்தப் படத்துக்கு உயரம் நாலரை அங்குலம் வேண்டும், தாளிலோ 4தான் இருக்கிறது. மேலும் கீழுமாகச் சேர்த்து அரை அங்குலம் போய்விடும். ‘பார்டர்லெஸ்’ (வெள்ளை ஓரமில்லாமல்) என்று கொடுத்தால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை இன்னும் வெட்டும். ‘ஃபிட்’ கொடுத்து வெள்ளை ஓரத்தோடு எடுங்கள், தேர் முழுசாக வரும்.

கேள்வி: ரிப்பன் போடும் சின்ன போட்டோ பிரிண்டரில் வெள்ளைப் புள்ளிகள். தாள் உள்ளே போய்ப் போய் வருவது சரியா? (வாசகி, பண்பொழி)

பதில்: சரிதான். மஞ்சள், மெஜந்தா, சயான், கடைசியாக மேல்பூச்சு என்று 4 தடவை போய் வரும். நடுவில் தாளைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். புள்ளி வருவது பெரும்பாலும் தூசியால். ரிப்பனை வெறுங்கையால் தொடாமல், தாளின் ஓரத்தை மட்டும் பிடித்துப் போடுங்கள், வேலை முடிந்ததும் டிரேயைக் கழற்றி மூடி வையுங்கள். தாள் பின்பக்கமாகவும் நீண்டு வரும், அதனால் சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடம் விடுங்கள்.